உறையாத எலி

எலிக்குப் பயம் வந்தால் என்ன செய்யும்? நினைவாற்றலை ஆராயும் கூடங்களில் அரை நூற்றாண்டாக இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் செல்லுபடியாகி வந்தது: அது உறைந்துபோகும். எலியை ஒரு பெட்டிக்குள் விடுகிறார்கள். ஓர் ஒலி கேட்கிறது. ஒலி முடியும் நேரத்தில் தரையிலுள்ள கம்பிகள் வழியாகப் பாதத்தில் சிறு மின்னதிர்ச்சி. சில தடவை இப்படி நடந்தபின், மறுநாள் அதிர்ச்சி கொடுக்காமல் ஒலியை மட்டும் எழுப்புகிறார்கள். நேற்று நடந்தது நினைவில் இருந்தால் எலி மூச்சுவிடும் அசைவைத் தவிர வேறு அசைவே இல்லாமல் நின்றுவிடும். எத்தனை நொடி அப்படி நின்றது என்பதே அதன் நினைவுக்கு அளவு. ஒலி கேட்ட 30 நொடியில் 21 நொடி உறைந்திருந்தால் 70 விழுக்காடு. நின்றால் நினைவிருக்கிறது, நிற்காவிட்டால் மறந்துவிட்டது, அல்லது கற்கவே இல்லை.

எலிக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அது வேறொரு கட்டுரை. இங்கே என் அக்கறை அந்த நொடிகளை எண்ணுவது யார் என்பதில். முதலில் மனிதர் எண்ணினார்கள். பிறகு அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுத்தார்கள். மனிதக் கண்ணுக்குச் சாய்வு உண்டு, களைப்பு உண்டு, விருப்பு வெறுப்பு உண்டு. இயந்திரத்துக்கு அவை இல்லை என்பது இந்த மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். பொய்யான காரணம் இல்லை. ஆனால் விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்த எவருக்கும் ஒன்று தெரியும். திருத்துபவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், விடைக்குறிப்பில் இல்லாத சரியான விடையை எழுதிய மாணவிக்குப் பூஜ்யம்தான் விழும். விடைக்குறிப்பை யார் எழுதினார்கள், எந்த மாணவர்களை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

எலியின் நினைவை அளக்கும் வழக்கம் 1900ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்குகிறது. அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் வில்லார்ட் ஸ்மால் என்பவர், லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்தில் இருக்கும் செடிவேலிப் புதிர்வழியை மாதிரியாகக் கொண்டு எலிக்கு ஒரு புதிர்வழி கட்டினார். நடுவில் உணவு. எலி எங்கே தயங்கியது, எங்கே திரும்பியது, எப்போது மோப்பம் பிடித்தது என்றெல்லாம் நாட்குறிப்பைப் போல எழுதி வைத்தார். அன்று அளவு என்பது பெரும்பாலும் வருணனைதான்.

அந்த வருணனைக் காலத்தின் பெரிய தொகுப்பைச் செய்தவர் ஒரு பெண். மார்கரெட் ஃபிளாய் வாஷ்பர்ன். கொலம்பியா பல்கலைக்கழகம் அவரை முறையான மாணவியாகச் சேர்க்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் அனுமதித்தது. அங்கிருந்து கார்னெல் போய், 1894இல் அமெரிக்காவில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்ணானார். 1908இல் வெளிவந்த அவருடைய ‘விலங்கு மனம்’ என்ற நூல் அந்தத் துறையில் பல பதிப்புகள் கண்ட பாடநூல். எறும்பிலிருந்து குரங்குவரை யார் என்ன சோதனை செய்தார்கள் என்று திரட்டி, அந்தச் செயல்களிலிருந்து விலங்கின் அகத்தைப் பற்றி எவ்வளவு தூரம் ஊகிக்கலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று நிதானமாக வாதிட்ட நூல் அது. ஐந்தே ஆண்டுகளில், 1913இல், ஜான் வாட்சன் உளவியல் அகத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட வேண்டும் என்று அறிவித்தார். புறத்தில் தெரிவதை மட்டும் எண்ணுவோம் என்ற கட்சி வென்றது. புறத்தில் தெரிவதில் எதை எண்ணுவது என்ற கேள்வி அந்த ஆரவாரத்தில் அமுங்கிப்போனது.

அமுங்கியதற்கு ஒரு நல்ல சாட்சி எவலின் ஜென்ட்ரியின் கதை.

1907இல் நெப்ராஸ்காவில் ஒன்பது பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்து, உதவித்தொகையோடு கொலராடோ பல்கலைக்கழகம் வந்த எவலின், அங்கே கார்ல் முயன்ஸிங்கர் என்ற பேராசிரியரிடம் முதுகலை ஆய்வு செய்தார். ஒலியைக் கேட்டு வழியைத் தேர்ந்தெடுக்க வெள்ளெலிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் சோதனை. வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் எலி நின்று, இந்தப் பக்கம் தலையைத் திருப்பும். அந்தப் பக்கம் திருப்பும். மறுபடி இந்தப் பக்கம். பிறகுதான் கால் எடுத்து வைக்கும். எலி சரியான வழியில் போனதா இல்லையா என்பது மட்டுமே கணக்கு என்றால் இந்தத் தலைத்திருப்பல் வெறும் தாமதம். முயன்ஸிங்கரும் ஜென்ட்ரியும் அதைத் தாமதம் என்று தள்ளவில்லை. நடத்தையாகப் பார்த்தார்கள், 1931இல் வெளியிட்டார்கள். கால் போகும் முன் தலை போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. காலுக்குப் பதிலாகத் தலை முயன்று பார்த்துத் தவறு செய்துகொள்கிறது என்ற பொருளில் அதற்குப் பின்னால் ஒரு பெயரும் நிலைத்தது. தமிழில் அதைப் ‘பதிலி முயற்சி’ எனலாம்.

பெர்க்லியில் எட்வர்ட் டோல்மன் இதைப் பற்றிக்கொண்டார். எலி தன் மனத்தில் இடத்தின் வரைபடம் ஒன்றை வைத்திருக்கிறது என்று வாதிட்டவர் அவர். 1948இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்தத் தலைத்திருப்பலுக்கும் இடமுண்டு. எதிரணியில் இருந்த எட்வின் கத்ரி, டோல்மனின் எலி யோசனையில் புதைந்து நின்ற இடத்திலேயே நின்றுவிடும் என்று கேலி செய்தார். கேலி நிலைத்தது. தலைத்திருப்பல் பல பத்தாண்டுகளுக்குத் துறையின் ஓரத்துக்குப் போனது.

எவலினுக்கு என்ன ஆயிற்று? யேலில் முனைவர் பட்டம் செய்ய விரும்பினார். ஒரு பெண்ணுக்குப் பரிந்துரைக் கடிதம் தர முடியாது என்று துறைத்தலைவர் மறுத்துவிட்டார். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1932இல் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் உலகம் அவரை எவலின் ஹூக்கர் என்ற பெயரில் அறிந்தது. ஒருபால் ஈர்ப்புள்ள 30 ஆண்களுக்கும் எதிர்பால் ஈர்ப்புள்ள 30 ஆண்களுக்கும் ஒரே உளவியல் சோதனைகளைக் கொடுத்து, யாருடைய தாள் எது என்பதை மறைத்து, அத்துறையின் தேர்ந்த நிபுணர்களிடம் மதிப்பிடக் கொடுத்தவர் அவர். எங்கள் பல்கலைக்கழகத் தேர்வில் பதிவெண்ணை மறைத்து டம்மி எண் இடுவது போலத்தான். நிபுணர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1957இல் வெளியான அந்த ஆய்வு, ஒருபால் ஈர்ப்பு மனநோய் அல்ல என்று 1973இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் முடிவெடுக்க வழிசெய்தவற்றுள் ஒன்று. எலியின் தலைத்திருப்பலில் தொடங்கிய ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்ததை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. மதிப்பிடுபவரின் கண்ணில் என்ன ஏறியிருக்கிறது என்று கேட்கத் தெரிந்தவர் அவர்.

எவலின் எலியின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஹார்வர்டில் பி. எஃப். ஸ்கின்னர் என்ற இளைஞர் எலியைப் பார்க்கத் தேவையில்லாத ஒரு பெட்டியைச் செய்துகொண்டிருந்தார். எலி ஒரு நெம்புகோலை அழுத்தும், உணவு விழும். வெளியே ஒரு காகிதச் சுருள் மெல்ல நகரும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பேனா ஒரு படி மேலே ஏறும். கோடு செங்குத்தாக இருந்தால் எலி வேகமாக அழுத்துகிறது, படுத்துவிட்டால் நிறுத்திவிட்டது. இந்தப் பதிவுக்கருவி பிறந்த கதையை அவரே பின்னாளில் ரசித்துச் சொல்லியிருக்கிறார்: வேண்டாமென்று கிடந்த பழைய கருவியின் பாகத்தை எடுத்து உணவு கொடுக்கும் பொறி செய்தார், அதில் துருத்திக்கொண்டிருந்த அச்சை வெட்டாமல் விட்டிருந்தார், அதில் ஒரு நூலைச் சுற்றிவிட்டால் அது அவிழ அவிழக் கோடு வரையும் என்று தோன்றியது.

எனக்கும் அந்தக் கருவி பிடித்திருக்கிறது. கையளவு சாமான்களில் ஒருவர் காலத்தையே வரைந்துவிட்டார். இரவு முழுக்க எலியை விட்டுவிட்டுக் காலையில் வந்து காகிதத்தைக் கிழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காகிதத்தில் எலி இல்லை, நெம்புகோல்தான் இருக்கிறது. மோந்தது, முகம் கழுவியது, மூலையில் சுருண்டது, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது எதுவும் இல்லை. கண்ணுக்குச் சாய்வு உண்டு என்று கண்ணையே எடுத்துவிட்டார்கள்.

கண்ணை நம்ப முடியாது என்பதற்கு ஆதாரங்களும் வந்துகொண்டிருந்தன. கணக்குப் போடும் குதிரை என்று பெர்லினில் கொண்டாடப்பட்ட ஹான்ஸ், கேள்வி கேட்பவரின் தலையசைவைப் பார்த்துக் குளம்பைத் தட்டியதை 1907இலேயே ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் நிறுவிவிட்டார். 1963இல் ராபர்ட் ரோசன்தாலும் கெர்மிட் ஃபோடும் மாணவர்களிடம் சாதாரண எலிகளைக் கொடுத்து, சிலரிடம் இவை புத்திசாலி எலிகள் என்றும் மற்றவர்களிடம் இவை மந்தமானவை என்றும் சொன்னார்கள். புத்திசாலி என்று சொல்லப்பட்ட எலிகள் புதிர்வழியை நன்றாகவே கற்றன. இதைப் படிக்கும் ஆசிரியர்கள் தங்கள் வகுப்பறையை நினைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சிக்கலுக்கு இயந்திரம் இல்லாத ஒரு விடையும் இருந்தது. நினைவு ஆய்விலிருந்து அல்லாமல் காட்டிலிருந்து வந்ததால் அதைச் சொல்லாமல் விட மனமில்லை. கென்யாவின் அம்போசெலியில் பபூன் குரங்குகளைப் பார்த்துவந்த ஜீன் ஆல்ட்மன், கணிதம் படித்தவர். 1974இல் அவர் வெளியிட்ட கட்டுரை, விலங்கைக் கவனிக்கும் முறைகளையே கவனித்தது. கண்ணில் பட்டதை எல்லாம் குறித்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? சண்டை குறிப்பில் ஏறும், பெரிய உடல் ஏறும், கூச்சல் ஏறும். குட்டியை அணைத்துக்கொண்டு ஓரமாக மேயும் பெண்ணின் நாள் ஏறாது. அதனால் முன்கூட்டி முறைவைத்துத் தேர்ந்த ஒரு விலங்கை, அது சுவாரசியமாக ஏதும் செய்தாலும் செய்யாவிட்டாலும், குறித்த நேரம் முழுக்கப் பார்க்க வேண்டும். பிறகு அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் சம நேரம். குரங்கினங்களைப் பற்றிய அறிவியல் வரலாற்றை 1989இல் எழுதிய டோனா ஹாரவே இந்தக் கட்டுரைக்குப் பெரிய இடம் கொடுத்ததில் வியப்பில்லை. பேனாவும் தாளும் கைக்கடிகாரமும் போதும். கவனத்தின் பங்கீட்டை மாற்றினால் விலங்குச் சமூகமே வேறாகத் தெரிகிறது.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்புவோம். 1981இல் ஸ்காட்லாந்தில் ரிச்சர்ட் மாரிஸ் ஒரு வட்டத் தொட்டியில் பால் கலந்து கலக்கிய நீரை நிரப்பி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு மேடையை ஒளித்துவைத்தார். எலி நீந்தி மேடையைக் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த முறை அறையின் அடையாளங்களை வைத்து நேராகப் போக வேண்டும். மேலே ஒரு ஒளிப்படக் கருவி. வெள்ளை நீரில் கருந்தலை ஒரு புள்ளி. அந்தப் புள்ளியின் பாதையைக் கணினி வரைந்துவிடும். எவ்வளவு நொடி, எவ்வளவு தூரம், எந்தக் கால்பகுதியில் எவ்வளவு நேரம் என்று எண்கள் கொட்டின. எலியின் உடல் ஒரு புள்ளியாகச் சுருங்கியதும் நினைவு ஆய்வு தொழிற்சாலை வேகம் பிடித்தது.

பெண்ணெலிகள் மேடையை அடைய அதிக நேரம் எடுத்துக்கொள்கின்றன என்று பல ஆய்வுகள் கண்டன. ஆணுக்கு இடநினைவு அதிகம் என்ற பழைய பல்லவிக்கு அது சுருதி சேர்த்தது. 1996இல் டாரா பெரட்-சினாலும் சக ஆய்வாளர்களும் பாதைகளையே பார்த்தார்கள். பெண்ணெலிகள் தொட்டியின் சுவரோரமாக அதிகம் நீந்தின. புது நீர், ஏறிக்கொள்ள இடமில்லாத வட்டச் சுவர். சுவரைப் பிடித்துக்கொண்டு போவது பதற்றத்தின் நடத்தை. மேடை இருக்குமிடம் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு முன்பயிற்சி கொடுத்து, நீருக்கும் தொட்டிக்கும் பழக்கிவிட்டுப் பிறகு சோதித்தபோது ஆண் பெண் வேறுபாடு காணாமல்போனது. கடிகாரம் அளந்தது நினைவை மட்டும் அல்ல. புது இடத்தின் பதற்றத்தையும் சேர்த்து அளந்து, நினைவு என்று ஒரே பெயர் எழுதி வைத்திருந்தது. வட்டாரப் பேருந்தில் முதல்முறையாகத் தனியே நகரத்துக் கல்லூரிக்கு வரும் பெண்ணின் முதல் பருவ மதிப்பெண்ணைப் பார்த்து அவளுடைய அறிவைத் தீர்மானிப்பவர்களை எனக்குத் தெரியும்.

இனி உறைதலுக்கு வருகிறேன். பயந்த எலி ஒடுங்கி அசையாமல் நிற்பதைப் பயத்தின் அளவாகக் கொள்ளலாம் என்று 1969இல் காட்டியவர்கள் ராபர்ட் பிளான்சர்டும் கரோலின் பிளான்சர்டும். தம்பதியர். அவர்களுக்குப் பின் ராபர்ட் போல்ஸ், மைக்கேல் ஃபான்செலோ ஆகியோர் வழியாக உறைதல் இத்துறையின் நாணயமானது. நல்ல காரணங்கள் இருந்தன: எளிது, மலிவு, மறுபடி மறுபடி ஒரே மாதிரி வரும். ஆய்வாளர் எட்டு நொடிக்கு ஒருமுறை எலியைப் பார்ப்பார்; அசைகிறதா, இல்லையா; ஒரு குறி போடுவார். ஒரு குழுவில் பல எலிகள், ஓர் ஆய்வில் பல குழுக்கள், நாள் முழுக்க இந்தக் குறி. ஆய்வுக் கட்டுரைகளில் இந்த உழைப்பு செயப்பாட்டு வினையில்தான் வரும்: நடத்தை மதிப்பிடப்பட்டது, எந்த விலங்கு எந்தக் குழு என்று அறியாத பயிற்சி பெற்ற ஒருவரால். அந்த ஒருவருக்குப் பெயர் இருக்காது.

பிறகு மென்பொருள் வந்தது. காணொளியின் அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, எத்தனை புள்ளிகள் மாறியிருக்கின்றன என்று எண்ணும். குறித்த அளவுக்குக் கீழே, குறித்த நேரம் வரை மாற்றம் இருந்தால் அது உறைதல். அந்த இரண்டு ‘குறித்த’களையும் குறிப்பது மனிதர். மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பார்கள்? பயிற்சி பெற்ற மனிதர் போட்ட குறிகளோடு ஒப்பிட்டு. இரண்டும் ஒத்துப்போனால் மென்பொருள் தேர்ச்சி பெற்றது. பழைய விடைக்குறிப்பு அப்படியே இயந்திரத்துக்குள் ஏறிக்கொண்டது. ஒரு வேறுபாடு உண்டு. மனிதர் எண்ணியபோது, எண்ணத் தேவையில்லாத ஏதோ ஒன்றைப் பார்த்துப் புருவம் உயர்த்தும் வாய்ப்பாவது இருந்தது. நூறு எலிகளை அரை நிமிடத்தில் மதிப்பிடும் நிரலுக்குப் புருவம் இல்லை.

அந்த விடைக்குறிப்பு எந்த மாணவர்களை வைத்து எழுதப்பட்டது என்பதை 2011இல் அன்னலீஸ் பியரியும் இர்விங் ஸக்கரும் எண்ணிக் காட்டினார்கள். நரம்பியலில் ஒரு பால் விலங்கை மட்டும் வைத்து நடந்த ஆய்வுகளில் பெண் விலங்கு ஒன்றுக்கு ஆண் விலங்கு 5.5 என்ற விகிதம். காரணமாகச் சொல்லப்பட்டது நமக்குப் பழகிய காரணம்தான்: பெண்ணெலிக்கு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை சுழலும் இனப்பெருக்கச் சுழற்சி உண்டு, ஹார்மோன் ஏறி இறங்கும், எண்கள் சிதறும். வீட்டுக்குத் தூரம் என்று திண்ணையில் உட்காரவைத்ததன் ஆய்வுக்கூடப் பதிப்பு என்று இதைச் சொன்னால் அறிவியல் நண்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும். 2014இல் பிரெண்டர்காஸ்ட், ஒனிஷி, ஸக்கர் ஆகியோர் 293 ஆய்வுக்கட்டுரைகளின் தரவுகளை எடுத்துப் பார்த்தபோது, சுழற்சியைப் பற்றிக் கவலையே படாமல் பயன்படுத்தப்பட்ட பெண் சுண்டெலிகளின் எண்கள் ஆண்களின் எண்களைவிட அதிகம் சிதறவில்லை.

பெண்ணெலிகளைச் சேர்த்துக்கொண்ட இடங்களில் வேறொன்று நடந்தது. பல சோதனைகளில் அவை ஆணைவிடக் குறைவாக உறைந்தன. விடைக்குறிப்பின்படி பொருள் ஒன்றுதான்: பெண்ணுக்குப் பயநினைவு குறைவு. தொல்காப்பியம் அச்சத்தை நாணத்தோடும் மடத்தோடும் சேர்த்துப் பெண்ணுக்கு உரியது என்று வைத்தது. ஆய்வுக்கூடமோ பெண்ணெலிக்கு அச்சம் போதவில்லை என்று குறித்துக்கொண்டது.

பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா ஷான்ஸ்கியின் ஆய்வுக்கூடம், டினா குரூன் முதல் ஆசிரியராக 2015இல் வெளியிட்ட கட்டுரை இந்த இடத்தில் வருகிறது. ஒலி கேட்டதும் சில எலிகள் உறையவில்லை. பெட்டியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சட்டென்று பாய்ந்தன. நொடிக்கு 23.5 சென்டிமீட்டருக்கு மேல் வேகம் போனால் பாய்ச்சல் என்று வரையறுத்துக் காணொளித் தரவை மறுபடி எண்ணினார்கள். பெண்ணெலிகளிடம் இந்தப் பாய்ச்சல் ஆண்களிடம் இருப்பதைவிட நான்கு மடங்கு அதிகம். பெண்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு பாய்ந்தன, ஆண்களில் 10 விழுக்காடு. அதைவிட முக்கியமானது, பாய்ச்சல் வந்த நேரம். பயிற்சி ஏற ஏற ஒலியின்போது பாய்ச்சல் தோன்றியது. அதிர்ச்சி இல்லாமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தபோது மறைந்தது. கற்ற நடத்தை அப்படித்தான் தோன்றி மறையும். பாய்ந்த எலிக்கு நேற்று நடந்தது நன்றாக நினைவிருந்தது. தப்பிக்க வழி தேடியது. பாய்ந்துகொண்டிருக்கும் எலி அந்த நொடியில் உறைந்திருக்க முடியாது என்பதால், உறைதலை மட்டும் எண்ணும் மென்பொருள் அதற்கு ‘நினைவில்லை’ என்று எழுதியது.

இதை ஒரு நல்ல செய்தியாக மட்டும் வாங்கிக்கொண்டு போக வேண்டாம். 2022இல் ஃபான்செலோவின் குழு சுண்டெலிகளை வைத்து, பாய்ச்சலில் பெரும்பகுதி கற்றதனால் வருவதல்ல, ஏற்கெனவே மிரண்ட விலங்கு திடீரென ஓர் ஒலி கேட்டதும் காட்டும் துள்ளல் என்று வாதிட்டது. எலியும் சுண்டெலியும் ஒன்றல்ல. வழக்கு இன்னும் முடியவில்லை. பெண் பாய்வாள், ஆண் உறைவான் என்று புதிய விடைக்குறிப்பு ஒன்றை எழுதிக்கொள்வதும் அபத்தம். உறைந்த பெண்ணெலிகளும் பாய்ந்த ஆணெலிகளும் உண்டு. என்னைப் பொறுத்தவரை அந்த ஆய்வின் கனம், ஒற்றை நடத்தையை நினைவுக்குச் சமமாக்கிய சமன்பாட்டை அது உடைத்ததில் இருக்கிறது.

இது எலிகளோடு முடிகிற விஷயமும் இல்லை. இந்தப் பெட்டியில்தான் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கான சிகிச்சைகள் முதலில் சோதிக்கப்படுகின்றன. அந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. வன்முறைக்குப் பின் நீதிமன்றத்தில் நிற்கும் பெண்ணிடம் ‘ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உறைந்தால் அவள் எதிர்க்கவில்லை. கத்தி ஓடியிருந்தால் இவ்வளவு தெளிவாக எப்படி நினைவிருக்கிறது என்று அடுத்த கேள்வி. எது நடந்தாலும் தாளில் ஒரே கட்டம்தான் இருக்கிறது.

இயந்திரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் நடையைக் கட்டினால் அது நேர்மையாகாது. பாய்ச்சலைக் கண்டதும் காணொளியும் வேகக் கணக்கும்தான். எவலின் பார்த்த தலைத்திருப்பல் மீண்டதும் அப்படித்தான். மினசோட்டாவில் டேவிட் ரெடிஷும் ஆடம் ஜான்சனும் 2007இல் எலியின் ஹிப்போகேம்பஸ் நரம்பணுக்களைப் பதிவு செய்தார்கள். வழி பிரியும் இடத்தில் எலி நின்று தலையைத் திருப்பும்போது, உடல் இன்னும் போகாத பாதையைக் குறிக்கும் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துடித்தன. முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். பின்னர் தலை எவ்வளவு வேகமாக எத்தனை திருப்பம் திரும்பியது என்பதையே ஒற்றை எண்ணாக்கி, பதிலி முயற்சியைக் கணினியே எண்ணும் வழியும் அமைந்தது. யோசனையில் புதைந்து நிற்கும் எலி என்ற கேலி ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து உண்மையானது. 1996இல் மறைந்த எவலின் அதைப் பார்க்கவில்லை.

2018இல் அலெக்சாண்டர் மாதிஸ், மெக்கன்ஸி மாதிஸ், அவர்களது சக ஆய்வாளர்கள் ஆகியோர் வெளியிட்ட டீப்லேப்கட் இன்னொரு வாசலைத் திறந்தது. எலியின் உடலில் எந்தக் குறியும் ஒட்டாமல், மூக்கு, காது, பாதம், வாலடி என்று ஒவ்வொன்றையும் காணொளியில் தொடர்ந்து பின்பற்றும் கருவி. எலி மறுபடி புள்ளியிலிருந்து உடலானது. அதற்குக் கற்றுக்கொடுக்க 200 படங்கள் அளவில் போதும். அந்த 200 படங்களிலும் ஒருவர் உட்கார்ந்து, இது மூக்கு, இது காது என்று சொடுக்கிச் சொடுக்கிக் காட்ட வேண்டும். பெயர் போடப்படாத அந்த ஒருவர் எங்கும் போய்விடவில்லை.

எலியைக் கூண்டிலிருந்து கையில் எடுத்து வந்து பெட்டிக்குள் விடுபவரும் போய்விடவில்லை. ஆண்கள் அறையில் இருந்தாலே, அவர்கள் அணிந்த சட்டை இருந்தாலே, மணத்தால் எலிகளின் பதற்றம் கூடி வலியை வெளிக்காட்டுவது குறைகிறது என்று மெகில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகிலின் குழு 2014இல் கண்டது. பெண்கள் இருந்தபோது அப்படி ஆகவில்லை. இதையெல்லாம் மேலேயிருக்கும் ஒளிப்படக் கருவி எப்படி எழுதும்?

2016இலிருந்து அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்கள், விலங்கின் பாலை ஒரு காரணியாகக் கொள்ளாத ஆய்வுத் திட்டம் காரணம் சொல்ல வேண்டும் என்று கேட்கின்றன. 2023இல் டானா லெவி, ஷான்ஸ்கி, சந்தீப் ராபர்ட் தத்தா ஆகியோர் இடம்பெற்ற குழு, நடத்தையை முன்வரையறை இல்லாமல் சிறுசிறு அசைவுத் துணுக்குகளாகத் தானே பிரித்துக்கொள்ளும் முறையால் சுண்டெலிகளின் சுற்றித்திரிதலை அளந்தது. பெண்களின் இனப்பெருக்கச் சுழற்சி நடத்தையில் மிகச் சிறிய மாற்றத்தையே காட்டியது. இந்தச் சுண்டெலி யார், அந்தச் சுண்டெலி யார் என்ற தனித்தன்மை அதைவிடப் பெரிது. ஆண்களின் நடத்தைதான் பெண்களுடையதைவிட அதிகம் சிதறியிருந்தது.

ஸ்கின்னரின் காகிதச் சுருள்களை இன்று விரித்தால் நெம்புகோல் மட்டும்தான் கிடைக்கும். அந்த எலிகள் தலையைத் திருப்பினவா என்று கேட்க வழியில்லை. காணொளிகள் அப்படியல்ல. உறைதலை எண்ணுவதற்காக எடுத்துப் பெட்டிபெட்டியாகச் சேர்த்துவைத்த பழைய நாடாக்களிலும் வட்டுகளிலும் பாய்ச்சலும் இருக்கும், சுவரோர நடையும் இருக்கும், இன்னும் யாரும் பெயர் வைக்காத அசைவுகளும் இருக்கும். புதிய நிரலை வைத்து மறுபடி எண்ணலாம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் இருப்பவை ஆணெலிகள்.